வாசலில் நின்ற மொகிங்கா

பர்மாவில் எங்கள் தாமுவே வட்டாரத்தில் ஒரு பிள்ளை எந்த வீட்டில் வளரும் என்பதை நாங்கள் சோறு வைத்துத்தான் பார்க்கிறோம். தாய் தகப்பன் இல்லாமலோ, இருந்தும் எங்கோ போய்விட்டதாலோ தனித்து நிற்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளையைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைப்போம். வளர்க்க விரும்பும் வீட்டார் ஆளுக்கொரு தூக்குவாளியில் சமைத்துக் கொண்டுவருவார்கள். பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. எந்த வாளிக்கு அதன் கை இரண்டாம் முறை நீள்கிறதோ, அந்த வீடு.

கோணங்கித்தனம்தான். ஆனால் இதற்கு முன்னால் எங்களுக்கு எந்த வழியும் இல்லை. பர்மியப் பிள்ளை ஒன்று தனித்து நின்றால், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னால் போதும், வார்டு ஆபீசில் தலையசைத்துவிடுவார்கள். எங்கள் பிள்ளை என்றால் முதலில் 'கலா' என்று, இந்தியர்களைத் திட்டும் அந்த வசை வரும். அப்புறம் ரத்த உறவு எங்கே, அத்தாட்சி எங்கே என்ற கேள்வி. அதற்கும் அப்புறம், ஊர்க்கோடியில் மிங்கலாடோனைத் தாண்டி இருக்கும் அநாதை விடுதிக்குக் கொண்டுபோக வண்டி. அங்கே போய்த் திரும்பிய பிள்ளைகள் சொந்தத் தெருவில் வழி கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாவு மில் நடத்தும் அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருக்காரர்களைக் கூட்டினார். அன்று முதல் இப்படிச் சோறு வைத்து வீட்டை முடிவு செய்துகொண்டு, வார்டு ஆபீசில் கும்பலாய்ப் போய் நிற்கிறோம். கும்பலாய்ப் போனால் மணிக்கணக்கில் காக்க வைத்தாலும் கடைசியில் கேட்கிறார்கள்.

இந்த முறை ஒரு சிறுமி. அப்பா இறந்துவிட்டார். தாய்லாந்துக்கு வேலைக்குப் போன அம்மாவின் போன் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பேசவில்லை. திங்கட்கிழமை வளர்க்கிற ஆளைக் காட்டாவிட்டால் விடுதிதான் என்று வார்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றும் வட்ட ரயிலில் ஒரு தையல்காரரும் மனைவியும் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், கூடவே அளவெடுக்காமல் தைத்த ஒரு பூப்போட்ட கவுன். சிறுமி மரியாதையாகச் சாப்பிட்டாள். கை இரண்டாம் முறை நீளவில்லை. கண் மட்டும் வாசலுக்கு வாசலுக்கு ஓடியது.

வாசலில் பூசாரியின் குரல்.

"மீன் வாசம் அடிக்குது. இது உள்ள வரப்படாது."

எதிர்ச் சந்தில் மொகிங்கா விற்கும் பர்மிய அம்மாள். மீன் குழம்பும் நூலாய் அவித்த அரிசி மாவும் அவர் வாளியில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"அப்ப வாளி வெளிய இருக்கட்டும், நான் உள்ள வாறேன்" என்றார் பர்மிய மொழியில். உடனே அவரே சிரித்தார். "வாளி இல்லாம நான் வந்து என்ன செய்ய? உங்க ஆட்டத்துல வாளிதானே பேசுது!"

மில் அக்கா எழுந்து போனார். "இது எங்க பிள்ளைங்க விஷயம்மா."

"மழைக்காலம் பூரா அவ எங்க படுத்தாள்னு நினைச்சீங்க? உங்க கோயில் மணிக்குள்ளயா?"

எங்களில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த நாளில், மீன் சமைக்கிற ஒரு வீடு பிள்ளை கேட்டு வரும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீடுகளிலேயே மீன் சமைக்கிறோம். இருந்தும் தோன்றவில்லை.

அக்கா என்னை ஓரமாய் இழுத்தார். "தம்பி, அங்க வளந்தா தமிழ் போயிரும்."

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க இப்பவே பர்மா பாஷைதானே பேசுது, அக்கா?"

"அது வேற."

"எது வேற?"

"அது..." அக்கா மண்டபத் தூணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தூணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாங்கள் தூணைப் பார்த்திருந்த நேரத்தில் சிறுமி வெளியே போய்விட்டாள். செருப்புகளுக்கு நடுவில் குந்தி, "அடோ" என்று அந்த அம்மாளைச் சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டு, வாளியில் கைவிட்டுச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கை நீண்டது. மூன்றாம் முறையும்.

"மண்டபத்துக்கு வெளிய சாப்பிட்டது செல்லுமா?" என்று யாரோ கேட்டார்கள். கிண்டலா என்று திரும்பிப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

தையல்காரர் மனைவிதான் வழக்கை முடித்தார். கவுனை மடித்துச் சிறுமியின் மடியில் வைத்தார். "லீவுக்காவது இன்சீனுக்கு அனுப்புவீங்களா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார். அந்த அம்மாள் அவர் கையிலும் ஒரு கிண்ணம் மொகிங்காவைத் திணித்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வார்டு ஆபீசுக்குக் கும்பலாய்ப் போனோம். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி எங்களைத் தாண்டி மொகிங்கா அம்மாளைப் பார்த்தார்.

"நீங்களா வளக்கப் போறீங்க?"

"ஆமா."

"சரி."

அவ்வளவுதான். ரத்த உறவு கேட்கவில்லை, அத்தாட்சி கேட்கவில்லை. பிறகுதான் எங்களைக் கவனித்தார். "நீங்கல்லாம் எதுக்கு வந்தீங்க?"

எதற்கு வந்தோம்? பிள்ளை விடுதிக்குப் போகக் கூடாது என்று வந்தோம். தன் தெருவிலேயே இருக்கப் போகிறாள். எங்கள் வாய்ச்சொல்லுக்கும் அந்த எடை வேண்டும் என்றுதான் இத்தனை காலம் இந்தப் பெஞ்சில் தேய்ந்தோம். இன்று அவளைக் காப்பாற்றியது, எங்களுக்குக் கிடைக்காத அதே எடை. மகிழ்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று தெரியாமல், பெஞ்சிலிருந்து எழவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது மொகிங்கா அம்மாள் எல்லோரையும் தன் கடைக்கு இழுத்துப்போனார். மில் அக்காவுக்குத் திங்கட்கிழமை விரதம். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சிறுமி உள்ளே ஓடிப்போய் ஒரு பொரித்த துண்டைக் கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். கவுன் அவளுக்கு ஒரு முழம் பெரிது.

"சுரைக்கா தான் பெரியம்மா. மீன் இல்ல" என்றாள், தமிழில்.

எந்த எண்ணெயில் பொரித்தது என்று அக்கா கேட்கவில்லை. வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.