ஆயுத பூஜையன்று சிவந்த இரண்டு விளக்குகள்

1. மூன்று ஊர், ஒரே பஸ்

எம்.சி.ஏ. முடித்ததும் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். 2000-களின் நடுப்பகுதி. ஆரணி, ஆற்காடு வழியாகச் சென்னைக்குப் போகும் பஸ்கள். திருவண்ணாமலை, ஆரணி, ஆற்காடு மூன்று ஊரிலும் டிக்கெட் கவுண்டர், கவுண்டருக்கு ஒரு சர்வர். மூன்று சர்வரும் சேர்ந்து ஒரே டேட்டாபேஸ். ஆரணியில் ஒரு சீட் விற்றால் உடனே மற்ற இரண்டு ஊரிலும் அது விற்றுப்போனதாகத் தெரியும்.

சர்வர்களைக் கண்காணிக்க என் மேசையில் இருந்த மேனேஜ்மென்ட் கன்சோல் திரையில் மூன்று விளக்குகள் தெரியும். பச்சை என்றால் ஓடுகிறது. மஞ்சள் என்றால் எழுந்துகொண்டிருக்கிறது, விட்டுப்போன பதிவுகளை வாங்கிக்கொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் தொடர்பு இல்லை. மூன்றில் இரண்டு சர்வராவது ஒன்றோடொன்று தொடர்பில் இருக்க வேண்டும். தனியாக மாட்டிக்கொண்ட சர்வர் புது டிக்கெட் எதையும் பதியாது. ஒரே சீட்டை இரண்டு ஊரில் விற்றுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

முதலாளிக்கு இதில் அரை மனதுதான். அதற்கு முன் இரண்டு முறை சிஸ்டம் நின்றிருந்தது. “இன்னொரு வாட்டி நல்ல நாள்ல நின்னுச்சுன்னா பழையபடி நோட்டுதாம்மா” என்று சொல்லிவிட்டார். நோட்டு திரும்பி வந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. உள்ளூரில் இது போல இன்னொரு வேலையும் கிடையாது.

2. மெஷினுக்கு லீவு

ஆயுத பூஜை. காலையிலேயே பஸ்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. பதினோரு மணி வாக்கில் ஆற்காடு சிவப்பானது. போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஆரணியும் சிவப்பு. எங்கள் கவுண்டர் அப்படியே நின்றது.

ஆரணி கவுண்டரைப் பார்த்துக்கொள்கிற குப்புசாமி அண்ணன் போனை எடுத்தார்.

“அண்ணே, சர்வர் இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவலமா. நல்லா தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி ஆஃப் பண்ணிட்டேன். ஆற்காட்லயும் பூஜைய முடிச்சுட்டுப் பூட்டிக்கினு போய்ட்டாங்க. வருஷம் பூரா ஓடுது, ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?”

“அப்போ டிக்கெட்?”

“நோட்ல எழுதிக் குடுக்கறேன். நாளைக்கு ஏத்திக்கலாம்.”

“நோட்டும் பேனாவும் பூஜைல வெக்கலியா?”

“இது பூஜைல வெக்காத பேனாமா.”

“எத்தன சீட் எழுதினீங்க?”

“ஒம்போது. எல்லாம் ஜன்னல் சீட்டா பாத்துக் குடுத்துட்டேன்.”

அந்த ஒன்பது சீட்டும் என் கன்சோலில் காலியாகத்தான் இருந்தன.

கவுண்டரில் வரிசை நீண்டது. “கம்ப்யூட்டர் வந்தப்புறந்தான் ஜாஸ்தி லேட்டு” என்றார் ஒருவர். முதலாளி நெற்றிச் சந்தனத்தோடு உள்ளே வந்தார்.

“தனியா ஓட வெக்க ஏதோ கமாண்ட் இருக்குன்னியே, அதப் போடு.”

“போட்டா ஓடும் சார். ஆனா ஆரணில எழுதின சீட்ட நாம இங்க திரும்ப விப்போம்.”

“போன்ல கேட்டுக்கோ.”

“அவரு இன்னும் எழுதிக்கிட்டே இருக்காரு சார். நாம கேட்டு முடிக்கறதுக்குள்ள பத்தாவது போயிடும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு பஸ்ஸு. ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நோட்ட எடுத்துடுவேன். நாளைக்கு இந்தப் பொட்டிங்கள ஏறக்கட்டிடலாம்.”

கமாண்டைப் போட்டிருந்தால் அன்று அவர் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார். போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

3. எலுமிச்சம்பழம்

மறுபடி ஆரணிக்குப் போன் செய்து, சர்வரை ஆன் பண்ணச் சொன்னேன்.

“சாமி முன்னாடி வெச்சத அன்னிக்கே எடுக்கக் கூடாதுமா. குடும்பத்துக்கு ஆவாது.”

எங்கள் வீட்டிலும் அன்று என் புத்தகங்கள் பூஜையில்தான் இருந்தன. நானும் தொட்டிருக்க மாட்டேன். அவரிடம் சர்வரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசினேன்.

“பஸ்ஸுக்கும்தானே பூஜை போட்டோம்? அது நாலு மணிக்கு ஓடப்போவுதே?”

“அதுக்கு சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டு இல்ல எடுக்கறோம்.”

“அப்போ இதுக்கும் நசுக்கிடுங்க.”



“இதுக்கு சக்கரம் இல்லியேமா?”

“உங்க காலால நசுக்குங்கண்ணே. மெஷின் கிட்ட வேணாம், வாசப்படில.”

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது கேட்டது. திரும்பி வந்து, “ஆச்சு. பட்டன் எங்கனு தெரியல, சந்தனம் அப்பிக்கிச்சு” என்றார். ஈரத்துணி வேண்டாம், காய்ந்த துணியால் துடையுங்கள் என்றேன்.

ஆரணி விளக்கு மஞ்சளானது. “வந்துடுச்சுல்ல, தெற” என்றார் முதலாளி. “மஞ்சள்ல தெறக்க மாட்டேன் சார்” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பச்சை வந்தது. அப்போதும் எங்கள் கவுண்டரைத் திறக்கவில்லை. முதலில் குப்புசாமி அண்ணனை நோட்டை மூடச் சொன்னேன். அதற்குள் ஒன்பது சீட் பன்னிரண்டு ஆகியிருந்தது. பன்னிரண்டையும் அவர் ஏற்றினார். ஒவ்வொரு சீட் நம்பரையும் நான் திரையில் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். பிறகுதான் கவுண்டர். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் பாக்கி.

நாலு மணி பஸ் நிறைந்து போனது. எந்த ஊரிலும் ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் நிற்கவில்லை.

4. தவறு யாருடையது

ஆரணியையும் ஆற்காட்டையும் குறை சொல்வது சுலபம். தவறு என்னுடையது. சர்வர் நிற்க என்னென்ன காரணம் என்று எழுதி வைத்திருந்தேன்: கரண்ட், யூ.பி.எஸ். பேட்டரி, பிராட்பேண்ட் லைன், ஹார்ட் டிஸ்க், ஒயரைக் கடிக்கும் எலி. எல்லாம் மெஷின் சமாச்சாரம். அதை ஒரு மனிதர் மரியாதையோடு அணைத்து வைப்பார் என்பதை, இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் நான் எழுதவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளக்கு சிவந்ததும் கமாண்டைத் தேடாதீர்கள். அந்த ஊருக்குப் போன் செய்து, அங்கே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்று மாலை கிளம்பும்போது முதலாளி கன்சோல் முன்னால் நின்றார். ஆற்காடு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“மூணுத்துக்கும் ஒரே நேரத்துல பூஜை வேணாம்மா. மொதல்ல ஆற்காடு. அது பச்சை ஆனப்புறம் ஆரணி. நம்முது கடைசி. எழுதி வெச்சுக்கோ” என்றார். “அடுத்த வருஷம் நீயே முன்னாடி நின்னு பாத்துக்கோ.”