மஞ்சள் பனியன்காரியின் அம்மா

விளையாட்டு வீராங்கனையின் அம்மாவாக இருப்பது சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். மகள் லிபரோவாகவும் இருந்துவிட்டால் ஓவர்டைமும் சேர்ந்துகொள்ளும்.

லிபரோ என்றால் யார் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். வாலிபால் டீமில் ஒருத்தி மட்டும் வேறு கலர் பனியன் போட்டிருப்பாளே, அவள். எதிராளி அடிக்கும் பந்து தரையில் விழாமல் பின்வரிசையில் நின்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. வலைக்கு மேல் எம்பி அடிக்கக் கூடாது, தடுக்கவும் கூடாது. அதனால் அவள் பெயரில் பாயிண்ட் ஏறாது. என் மகள் நிவேதா ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் டீமில் மாதச் சம்பளத்துக்கு அந்த வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மகளைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் தாய்மார்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் என்னோடு உட்காருங்கள்.

ஒரே லாட்

பெருமாநல்லூரில் ஒரு டோர்னமென்ட். சாயப்பட்டறை வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன் பெருமையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் பந்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. மற்ற பெண்களெல்லாம் நீலம், நிவேதா மட்டும் மஞ்சள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஆட்ட விதி என்று நல்ல தமிழில் இரண்டு தரம் விளக்கினேன். சரக்கில் குறை சொல்லும் வாடிக்கையாளரிடம் தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு யாருக்கும் கேட்காமல் என் பக்கம் குனிந்தார். “அதெல்லாஞ் செரி அம்மிணி. ஷேடு மாறிப்போச்சுன்னு முன்னாலயே எங்கிட்டச் சொல்லியிருந்தா கருநீலத்துல ஒரு முக்கு முக்கிக் குடுத்திருப்பனே!”

முழங்கை

பந்து வாங்கி வாங்கி நிவேதாவின் கைகள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கன்றிப்போயிருக்கும். தரையில் பாய்ந்து விழுவதால் முட்டியிலும் சிராய்ப்பு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மும்தாஜ் அக்கா ஒரு கிண்ணம் சேமியா பாயசத்தோடு வந்தார். நிவேதா கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். அக்காவின் முகம் மாறியது.

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கம்மா. கல்யாண வயசுல நிக்கிற புள்ளையை இப்படிப் போட்டு அடிக்காதீங்க. உங்களுக்குத்தான் ஆண்டவன் நல்ல வாயைக் குடுத்திருக்கானே, அது பத்தாதா?”

பீஸ் ரேட்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் எனக்கு நஷ்டமே தவிர லாபம் கிடையாது. ஒப்பந்த விஷயமாகக் கம்பெனி முதலாளி நிவேதாவைக் கூப்பிட்டனுப்பியபோது நானும் கூடப் போனேன். பாய்ந்து பாய்ந்து பந்து எடுக்கிற பெண், அவர் எதிரே நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி தையல் மெஷினில் ஆரம்பித்து மேலே வந்தவர். எத்தனை பீஸ் தைத்து இறக்கினார்கள் என்று பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார். அவர் கையிலிருந்த பட்டியலில் மற்ற பெண்களின் பெயருக்கு நேரே பாயிண்ட் இருந்தது, என் மகளுக்கு நேரே முட்டை. மற்ற கம்பெனிகள் ஆள் எடுத்து முடித்தாயிற்று. இவரும் விட்டுவிட்டால் நிவேதா ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்து பில் டைப் அடிக்க வேண்டியதுதான். லிபரோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். “பாப்பா தங்கமான புள்ளைங்க. ஆனா வருசம் பூரா மெசின்ல உக்காந்து ஒரு பீஸ்கூட எறக்கலீன்னா நா என்னத்தச் சொல்றது? சோமனூர் மேட்சப் பாத்துப்போட்டு முடிவு பண்ணிக்கலாங்க.”

பொருத்தம்

சோமனூரில் மேட்சன்று காலை முதலாளியே புது பனியன்களைக் கொண்டுவந்து இறக்கினார். அத்தனையும் அரக்குக் கலர். சாயப்பட்டறையில் தானே நின்று பார்த்து, ஒரு பீஸ்கூட ஷேடு மாறாமல் வாங்கியதாகச் சொன்னார். நிவேதாவுக்கும் அரக்கு. லிபரோவுக்கு வேறு கலர் இல்லையென்றால் உள்ளே விட முடியாது என்றார் ரெஃப்ரி. நடுவில் அடிக்கிற நெட்டைப் பெண் செல்வி பின்வரிசைக்கும் சேர்த்து நின்றாள்.

பந்து அவளுக்கு இடப்பக்கம் விழுந்தது, வலப்பக்கம் விழுந்தது, காலடியிலும் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிவேதாவின் கால்கள் ஒவ்வொரு பந்துக்கும் தானாக நகர்ந்துகொண்டிருந்தன. முதல் செட் போயிற்று.

“ஏனுங்க, அந்தப் பந்தையெல்லாம் எடுக்க ஆளில்லீங்களா?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

“இருக்குதுங்க. நீங்கதான் பொருத்தமா பனியன் போட்டு உக்கார வெச்சிருக்கீங்க” என்றேன்.

அவர் பெஞ்சைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், மறுபடி பெஞ்சைப் பார்த்தார். “அந்த மஞ்சப் பனியன் இப்ப எங்கீங்க?”

சாப்பாட்டுக் கூடை

மஞ்சள் பனியன் என் காலடியில் இருந்தது. போன சீசன் முடிந்ததுமே அதை அடுப்பு மேடை துடைக்கப் போட்டுவிட்டேன். அன்று காலை ரசத் தூக்கு ஆடாமலிருக்க அதைத்தான் சுற்றிக் கூடையில் வைத்திருந்தேன். அவிழ்த்துக் கொடுத்தேன். நம்பர் அப்படியே இருந்தது, ரச வாசனையும் இருந்தது. ரெஃப்ரி நம்பரை மட்டும் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு பந்து தரையைத் தொடுவது குறைந்தது. அடுத்த செட்களை நம் பெண்கள் எடுத்தார்கள். பாயிண்டெல்லாம் வழக்கம்போல மற்றவர்கள் பெயரில்தான், சிறந்த ஆட்டக்காரி பரிசும் செல்விக்குத்தான். முதலாளி கை தட்டவில்லை. மஞ்சள் போகிற பக்கமெல்லாம் அவர் தலையும் போய்க்கொண்டிருந்தது. மேட்ச் முடிந்ததும் நிவேதாவைக் கூப்பிட்டார். “கண்ணு, நீ டெய்லர் இல்ல, பழுது பாத்துத் தடுக்கற செக்கிங்கு. செக்கிங் இல்லாம ஒருக்கா கன்டெய்னர ஏத்தியுட்டுப்போட்டு, அத்தனையும் திரும்பி வந்து குடோன்ல கெடந்தப்ப நா அழுதிருக்கறேன். வர்ற வருசமும் நீ இங்கயே இரு.”

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ராசியான பனியன் என்று நிவேதா அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டதால், திருப்பூரில் குடியிருந்துகொண்டு அடுப்பு மேடை துடைக்கத் துணி இல்லாதவள் இப்போதைக்கு நான் ஒருத்திதான்.