மாப்பிள்ளை அழைப்பும் இளைத்த ஃப்ளைவீலும்

1. முதுநகரில் சீவியது

அன்று முதுநகர்ப் பட்டறையில் மூன்று பேர் இருந்தோம். லேத் முதலாளி தாஸ் அண்ணன், காரின் சொந்தக்காரரான அண்ணாகிராமம் முந்திரி வியாபாரி செல்வம், டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நான். இல்லாத ஆள், அந்தக் காரில் ஊர்வலம் போகவேண்டிய மாப்பிள்ளை. அவர் பக்கத்தில் நின்றிருந்தால், கார் எதற்கு என்பதாவது எங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

2008 வாக்கில் நடந்தது. செல்வத்திடம் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. அவருடைய தங்கைக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் கார் வைக்கவேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் நிச்சயதார்த்தத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "தெறந்த வண்டியா வையுங்க. நடுவுல மட்டும் நிக்கக் கூடாது. நின்னுச்சின்னா எங்க அக்கா சகுனம் சரியில்லன்னு பையன கூப்புட்டுகினு வீட்டுக்குப் போயிடுவாங்க."

கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்ததால் கியர்பாக்ஸை இறக்கியிருந்தோம். உள்ளே தெரிந்த கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலைச் செல்வம் தட்டிப் பார்த்தார்.

"அம்மிக்கல்லு மாரி இருக்குது. என்னாத்துக்கு இவ்ளோ வெயிட்டு?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த விஷயத்தை யாராவது கேட்டால் பாதியில் நிறுத்தத் தெரியாது.

"இன்ஜின் ஒவ்வொரு அடிக்கும் நடுவுல சோர்ந்துடாம இந்த வெயிட்டுதான் சுத்த வைக்குதுண்ணே. கொறச்சா பிக்கப் எகிறும். ஆனா ஸ்லோவுல..."

பிக்கப் என்ற சொல்லோடு செல்வம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"போன வாரம் ஆலப்பாக்கத்துல ஒரு டவுன் பஸ்ஸு என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போறான். கண்டக்டர் டாட்டா காட்டுறான், தாஸு! சீவு!"

தாஸ் அண்ணன் கிளட்ச் உட்காரும் முகத்தைத் தொடாமல், பின்பக்கம் ஓரத்தில் சீவினார். ஓரத்தில் எடுக்கும் எடைக்குத்தான் பலன் அதிகம். பேலன்ஸும் பார்த்தோம். மூன்று கிலோ குறைந்தது. சுத்தமான வேலை. டிரையலில், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. செல்வம் அதே டவுன் பஸ்ஸைத் தேடிப் பிடித்து இரண்டு முறை ஓவர்டேக் செய்தார். மெதுவாக ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

2. சிதம்பரத்தில் தள்ளியது

மேலவீதிப் பிள்ளையார் கோயிலிலிருந்து தெற்கு வீதி மண்டபம் வரை ஊர்வலம். சீட்டின் முதுகில் மாலையோடு மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் செல்வம். முன்னால் தவில், நாதஸ்வரம். அதற்கும் முன்னால் தாய்மாமன். காருக்குப் பின்னால் தாஸ் அண்ணனும் நானும்.

நாதஸ்வரக்காரர்கள் மெல்ல நடந்த நடைக்குக் காரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எடை குறைந்த ஃப்ளைவீல், வேகம் குறைந்ததும் இன்ஜினைக் கைவிட்டது. கார் இருமியது, அணைந்தது. செல்வம் ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுத்து, கிளட்சை விட்டார். கார் எகிறித் தவில்காரர் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

தவில்காரர் திரும்பினார். "யோவ், நான் தவில அடிக்க வந்தேன்யா, அடிபட வரல!"

"மச்சான், நான் எறங்கி நடந்தே வந்துர்றேனே" என்றார் மாப்பிள்ளை.

"மானத்த வாங்காதீங்க மாப்ள. கெட்டியா புடிச்சிக்குங்க."

பிறகு செல்வம் அரை கிளட்சிலேயே ஓட்டினார். புது பிளேட் கருகிப் புகை வந்தது. தாய்மாமன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னாய்யா வாடை?"

"சாம்பிராணிங்க" என்றார் தாஸ் அண்ணன்.

தாய்மாமன் முன்னால் போனதும் கார் மறுபடியும் அணைந்தது. தாஸ் அண்ணன் குனிந்து செல்வம் காதில் சொன்னார்: "ஆஃப் பண்ணு. நியூட்ரல்ல போடு. வாய மூடிகினு ஸ்டியரிங்க மட்டும் புடி."

பிறகு தாஸ் அண்ணனே செல்வத்தின் முந்திரிக் கொட்டகை ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். "வெறுமன தள்ளாதீங்கடா, ஆடிக்கிட்டே தள்ளுங்க!" எனக்கு ஆடத் தெரியாது. அன்று ஆடினேன். கார் நிற்காமல் மண்டபம் சேர்ந்தது.

தாய்மாமன் பானெட்டைத் தடவிக் கொடுத்தார். "வண்டின்னா இது வண்டி! இன்ஜின் சத்தமே கேக்கல. பூ மாரி வந்துச்சி." மறுநாள் முகூர்த்தத்தில் தாலி ஏறியது. செல்வம் அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வண்டி எவ்வளவு வேகமாகப் போகணும் என்று கஸ்டமரே சொல்லிவிடுவார். எவ்வளவு மெதுவாகப் போகணும் என்று நாம்தான் கேட்கவேண்டும்.

தாய்மாமன் ஆவணியில் தன் மகன் கல்யாணத்துக்கும் அதே வண்டிதான் வேண்டும் என்றார். புதுச் சம்பந்தம், மறுக்க முடியுமா? சீவிய இரும்பை ஒட்டவும் முடியாது. சென்னை புதுப்பேட்டையில் அலைந்து, சீவாத பழைய ஃப்ளைவீல் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டினோம். ஊர்வலத்தில் கார் வண்டிமாடு போல அடக்கமாக ஊர்ந்தது. தாய்மாமன் முகம் சுருங்கியது.

"என்னா செல்வம், அன்னிக்கி சத்தமே வரல. இப்ப டுபுடுபுங்குது. நல்ல வண்டிய ரிப்பேர் பண்ணிக் கெடுத்துட்டீங்களா?"

செல்வம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்ஜினை ஆஃப் செய்தார். நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனோம்.

லேத் கூலி, கிளட்ச் பிளேட் இரண்டு, ஃப்ளைவீல், சென்னை போய்வந்தது எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். தள்ளியவர்களுக்குப் புரோட்டா தனி.