சைக்கிளில் போன துவக்கு

என் கணவர் தன் காரில் ஏற்றவே மாட்டேன் என்று சொன்ன பொருட்கள் இரண்டு. ஒன்று கருவாடு, மற்றது என் துவக்கு. கருவாட்டுக்காவது கெஞ்சிக் கூத்தாடி அவரை வழிக்குக் கொண்டுவரலாம்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும், ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துப் பெண் குறிபார்த்துச் சுடப் போகிறாள் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோப் பெண் ஒருத்திதான் ஒருநாள் என்னைத் தன் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை நான் கனடா தின வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள். அன்று கடதாசியில் இருந்த வட்டத்தைப் பார்த்து விசையை அழுத்தினேன். வெடித்தது. நான் நடுங்கவில்லை. சத்தம் எப்போது வரும் என்று வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசன்ஸ் எடுத்து, சின்ன ரவை போடும் நீளத் துவக்கு ஒன்றையும் வாங்கிவிட்டேன்.

"உமக்கென்ன விசரே? உதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்?" என்றார் கணவர்.

இளவயதில் அவரை ஊரில் சென்றி எனும் இராணுவக் காவலரண் ஒன்றில் சைக்கிளோடு மறித்துக் கொண்டுபோய் நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்தக் கதையை அவர் இன்றுவரை எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை. ரொறொன்ரோவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து கொஞ்சம் வடக்கே போனால் கிளப். "அப்ப நான் சைக்கிளிலை போறன்" என்றேன்.

துவக்கை வெளியே தெரிய முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓடலாமா என்று வகுப்பெடுத்த வெள்ளைக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். லைசன்ஸ் இருந்து, ரவை போடாமல் இருந்தால், இந்த வகைத் துவக்கைச் சைக்கிளில் கொண்டுபோகக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரியும் தான் கண்டதில்லை என்றார். "ஆனால் தெருவில் உன்னைக் காண்கிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா பொலிசைக் கூப்பிடுவான்?" என்றும் கேட்டார். யாராவது பயந்துபோனால் அதுவே வழக்காகலாமாம். நீளப் பையில் போடு, விசைக்குப் பூட்டுப் போடு, ரவையைத் தனியே வை என்றார். மூன்றையும் செய்தேன்.

கணவருக்கு அது போதவில்லை. "பெட்சீற்றாலை சுத்தி, மேலை ஒரு கறிவேப்பிலைக் கண்டைக் கட்டிக்கொண்டு போம்" என்றார்.

"நான் களவெடுத்தே கொண்டு போறன், ஒளிக்கிறதுக்கு?"

"சரி. பொலிஸ் ஒருக்கா மறிச்சாக் காணும், அண்டைக்கே உதை வித்துப்போட வேணும். ஓமோ?"

"ஓம்" என்றேன். என்னை ஏன் மறிக்கப் போகிறார்கள் என்ற துணிவுதான்.

அந்தக் கோடையில் சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை, பிளாசா ஒன்றின் வாசலில் பொலிஸ் கார் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் யோசிக்க முதலே என் கால்கள் இறங்கிவிட்டன. ஒரு கையால் சைக்கிளை உருட்டி, மறு கையில் லைசன்ஸை எடுத்துப் பிடித்து, தலையைக் குனிந்தபடி நடந்தேன். ஊரில் சென்றியை அப்படித்தான் கடப்போம். சைக்கிளில் இருந்தபடி ஒருவரும் ஆமிக்காரனைத் தாண்டிப் போவதில்லை. ரொறொன்ரோவில் யார் அப்படி இறங்குவார்கள்? முதுகில் நீளப் பையும் தொங்க, நானே என்னைக் காட்டிக்கொடுத்தேன்.

அவர் கிட்ட வந்து, சைக்கிளில் ஏதும் பழுதா என்று ஆதரவாகத்தான் கேட்டார். நானோ, முதுகில் துவக்கு இருக்கிறது, ரவை போடவில்லை, இதோ லைசன்ஸ் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் கோப்பியைக் காரின் மேல் வைத்தார். லைசன்ஸைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், எங்கே போகிறேன் என்று கேட்டார். பிறகு எல்லாம் சரி என்று திருப்பித் தந்துவிட்டு, "ஏன் இறங்கினீர்கள்?" என்றார்.

சொன்னேன். இங்கே இறங்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அன்று ஒரு ரவைகூட வட்டத்துக்குள் போகவில்லை. சொன்னபடி துவக்கை விற்க வேண்டுமே என்று வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது. துவக்குக்காக அழுத தமிழ்ப் பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறைத்திருக்கலாம், மனம் வரவில்லை. கணவர் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன்.

"அவன் கை காட்டி மறிச்சவனோ?"

"இல்லை. நான்தான் முதல்லை இறங்கினனான்."

அவர் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. "பொலிஸ் காரைக் கண்டா நானும் ரேடியோவை நிப்பாட்டிப்போடுறனான். ஏனெண்டு எனக்கே விளங்கிறேல்லை" என்றார். எத்தனை வருடம் அவர் பக்கத்துச் சீட்டில் இருந்திருக்கிறேன்! பாட்டுப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். துவக்கை விற்பது பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் பார்த்தால், கராஜில் மகனின் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.

"துவக்குக்குக் காவலோ?" என்றேன்.

"உமக்குத்தான்" என்றார்.

நான் முன்னால், அவர் பின்னால். ஸ்டீல்ஸை நெருங்கும்போது எதிரே ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்தது. என் கால் பெடலை விட்டு இறங்கத் தொடங்கியது.

"இறங்காதையும்!" பின்னாலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "ஓடும்! ஓடும்!"

பெடலை மிதித்து ஓடினேன். கார் எங்களைக் கடந்து போனது. திரும்பிப் பார்த்தேன். அவரும் இறங்கவில்லை.