மான் கலைந்துவிடுமாம்

இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சி முடித்துத் திரும்பிய எங்கள் தீவுப் பெண்களிடம் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால், பனியைச் சொல்வார்கள், அரண்மனையைச் சொல்வார்கள். என் மனதில் நின்றது ஒரு சின்னக் காடு. காடு என்பதுகூட அதிகம். இந்தக் கோடியில் இருமினால் அந்தக் கோடியில் கேட்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னோடு ஒரே வார்டில் பயிற்சி பெற்ற ஆங்கிலப் பெண் ஒருத்தி, வசந்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு என்னைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர், சாதுவான மனிதர். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், காட்டில் நீலப் பூ பூத்திருக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்பினார்கள். வயலோரமாக நடந்து காட்டின் விளிம்புக்கு வந்தோம். அங்கே ஒரு மரக் கதவு. அவர்கள் அதைத் திறந்துகொண்டு தம் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்கள். நான் வெளியிலேயே நின்றேன்.

"என்ன, கால் வலிக்கிறதா?" என்று கேட்டார் தோழியின் அப்பா.

"இது யாருடைய காடு?"

"அதோ தெரிகிறதே, அந்தப் பெரிய வீட்டுக்காரருடையது."

"நாம் வருவது அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஊரார் எந்தக் காலத்திலிருந்தோ நடக்கிற வழி இது. காடு அவருடையது, வழி எல்லாருக்கும் பொது. அவரே நினைத்தாலும் அடைக்க முடியாது. சட்டம் அப்படி."

உள்ளே போனேன். பூ அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மரத்தடி முழுக்க நீலம் கொட்டிக் கிடந்தது. ஆனால் என் கவனம் பூவில் இல்லை. காவல்காரரின் காலடி எப்போது கேட்கும் என்றே காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். கேட்டேவிட்டது. நாய் குரைத்தது, சருகு நொறுங்கியது, கையில் துப்பாக்கியோடு ஒருவர் வளைவில் திரும்பினார். அடுத்த நொடி நான் ஒரு புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகளை அதட்டி ஊசி போடுகிறவள்! எங்கள் ஊரில் வளர்ந்த எவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

வந்தவர்தான் காட்டுக்குச் சொந்தக்காரர். தபால்காரரிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டார். புதருக்குப் பின்னாலிருந்து நான் எழுந்ததும் தொப்பியைக் கழற்றினார். வழி குறுகல். ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றுகொண்டு, "நீங்கள் முதலில் போங்கள், அம்மா" என்றார். பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. நான் போனேன்.

வீடு வரும்வரை தோழியும் அப்பாவும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். தேநீர் மேசையில் தோழி தன் அம்மாவுக்கு நான் ஒளிந்ததை நடித்தே காட்டினாள். நான் கேக்கை மென்றுகொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. அந்த மனிதர் என்னை நாயை விட்டுத் துரத்தியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. அவருடைய மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு காடு இருந்தது. எங்கள் தீவில், கான் தெ மாஸ்க் ஊர்ப் பக்கத்தில், கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்கான குடிசை வரிசையில் நாங்கள் இருந்தோம். அதற்குப் பின்னால் எஸ்டேட்காரரின் மான் வேட்டைக் காடு. அதன் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று. ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் நடந்து நடந்து போட்ட பாதை. அதில் போனால் ஆஸ்பத்திரி பக்கம். கரும்பு வண்டிப் பாதையில் சுற்றினால் பாதி நாள் போய்விடும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அதை முள்கம்பி வைத்து அடைத்து, ஒரு கதவு போட்டுப் பூட்டினார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருடம் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்ததும் மருத்துவச்சி வந்து பார்த்தாள். பிள்ளைக்குக் கால் முன்னால் வருகிறது, என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று கையை விரித்துவிட்டாள். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, அத்தானும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு காட்டுக் கதவுக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். காவல்காரர் அயலார் இல்லை. எங்கள் வரிசையில் குடியிருந்தவர், எங்களோடு காவடிக்கு விரதம் இருந்தவர்.

"இன்னிக்கு முடியாது. வேட்டை நடக்குது. எஸ்டேட் மிஸ்யேவோட விருந்தாளிங்க உள்ள இருக்காங்க, எல்லாம் போர்ட் லூயில பெரிய உத்தியோகம் பாக்குற இங்கிலீஷ்காரங்க. நீங்க இப்பிடிக் கூட்டமாப் போனா மான் கலைஞ்சிடும்."

மான் கலைந்துவிடுமாம்! அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள், அதற்கு மான் கலையவில்லை. அத்தான் அந்த ஆளின் காலிலேயே விழுந்தார். வேலை போய்விடும் என்று அவரும் சேர்ந்து அழுதாரே தவிர, பூட்டைத் திறக்கவில்லை. மாட்டு வண்டியில் சுற்றிப் போனோம். வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

இதை நான் சொன்னபோது படித்தவர் ஒருவர் என்னைத் திருத்தினார். எஸ்டேட்காரர்கள் பிரெஞ்சு வம்சம், இதற்கு ஆங்கிலேயரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்றார். ஐயா, தீவை ஆண்டது யார்? அன்று காட்டுக்குள் துப்பாக்கி பிடித்து நின்றவர்கள் எந்த ஊர்? தேநீரைக் கொண்டுவந்தார்கள், குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவந்தார்கள், நீதிபதியின் தலைக்குப் பொய்மயிரைக்கூடக் கொண்டுவந்தார்கள். ஊரார் நடக்கிற வழியை அடைக்கக் கூடாது என்ற அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் கப்பலில் இடமில்லாமல் போய்விட்டதா?

நான் திரும்பி வந்தபோது, சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று தெருவுக்குத் தெரு சண்டை. அக்காவும் அத்தானும் அந்தக் காட்டின் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காமல் எப்போதோ வக்குவா நகரத்துக்குக் குடிவந்திருந்தார்கள். அவர்களுக்கு மறுபடி பிள்ளை பிறக்கவில்லை. அத்தானுக்குச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை, அதுவும் கிடைத்தால்தான். அக்கா ஓர் ஆங்கில அதிகாரி வீட்டுத் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அடுப்பு எரிந்தது அதனால்தான்.

ஒரு மத்தியானம், வழக்கமான தூறல். அக்கா சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சு. அக்கா, அத்தான் என்று கூப்பிடுவது மட்டும் தமிழ். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த ஆளுதான் காட்டுக்குச் சொந்தக்காரனா? நெசமா?"

"அவருதான்."

"நீ எந்த ஊருன்னு கேக்கல?"

"ஒன்னுமே கேக்கல. சேத்துல எறங்கி நின்னு, போங்கன்னாரு."

இங்கிலீஷ்காரங்க நாட்டிலேயே காடு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது, ஆள் நடமாடக் கூடாது போலிருக்கிறது, பாவம் வேறு விதமாக அவர்களுக்குத் தெரியாது: இத்தனை வருடமும் அக்கா தன்னை இப்படித்தான் தேற்றிக்கொண்டிருந்தாள். யாராவது எஸ்டேட்டைத் திட்டினால்கூட இதைச் சொல்லி அடக்குவாள்.

"அலோர் ஸோட் கொனே" என்றாள். அப்போ அவங்களுக்குத் தெரியும்.

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். பாதி தேய்த்த சட்டையை மடிக்காமலே கூடையில் போட்டாள். தேய்த்தது, தேய்க்காதது எல்லாவற்றையும் அதன் மேல் அள்ளிப் போட்டு அத்தானைக் கூப்பிட்டாள்.

"இதக் கொண்டுபோய் அந்த வீட்டுல குடுத்துடுங்க. இனிமே நான் தேய்க்கிறதில்ல."

அத்தான் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "இந்த வீட்டு மிஸ்யே நமக்கு என்ன செஞ்சாரு? நல்ல மனுசன், வருசப் பொறப்புக்குக் கேக்கெல்லாம் குடுத்தாரு. நாளைக்கு நாம என்னத்தச் சாப்புடுறது? ஏன்னு அவங்க கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"அவங்களுக்கே தெரியும்னு சொல்லுங்க."