பொங்கல் வாரத்து 614 மெயில்களும் ஒரு பேரிங் கேள்வியும்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, குரும்பலூர் வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 614 மெயில்கள் வந்திருந்தன.

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் இயந்திரப் பராமரிப்பு பார்ப்பவர்களுக்காக, ஓய்வு பெற்ற பின்னும் ஒரு மெயிலிங் லிஸ்டை நடத்துகிறேன். ஒருவர் எழுதினால் 143 பேருக்கும் போகும். விதிகள் ஒன்பது. முதல் விதி, தொழில் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்பதை அன்றைய 614-ஐப் பார்த்தாலே தெரியும்.

அதில் 590, இரண்டே இரண்டு மேனேஜர்களுடையவை. இருவரும் 'லீவில் இருக்கிறேன்' என்று ஆட்டோ ரிப்ளை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவருடைய பதில் லிஸ்டுக்கு வர, அதற்கு மற்றவருடைய பதில் வர, அதற்கு இவருடையது. மாட்டுக்கே ஓய்வு கொடுத்த நாளில் இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் மட்டும் ஓயாமல் உழைத்தன.

மீதி 24. பொங்கல் வாழ்த்து 11. 'எல்லாருக்கும் அனுப்பாதீர்கள்' என்று எல்லாருக்கும் அனுப்பியவை 7. அதற்கு மன்னிப்புக் கேட்டவை 4. நிலம் விற்பனைக்கு, 1. காதுகுத்து அழைப்பிதழ், 1.

கடைசியானதை அனுப்பியவர் வேல்முருகன். செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரு ஆலையில், கில்ன் எனும் சுழலும் சூளையைப் பார்க்கும் ஷிஃப்ட் இன்ஜினியராக இருப்பவர். போன் போட்டேன்.

"ஏங்க வேல்முருகன், உங்க பொண்ணு காதுக்கும் கில்னுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தனித்தனியா கூப்புட முடியலீங்க சார். நீங்களும் வந்துடுங்க. தாய்மாமன் கெடா வெட்றாரு."

"இனிமே நான் பாத்துட்டுத்தான் எந்த மெயிலையும் உள்ள வுடுவேன்."

"சரிங்க சார். நீங்க பாத்தா போதும்."

அன்றே எல்லாருடைய மெயிலும் என் அனுமதிக்குக் காத்திருக்கும்படி மாற்றினேன். அப்படி நிற்கும்போது, 'உங்கள் மெயில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று அனுப்பியவருக்கு ஒரு அறிவிப்பு தானாகப் போகும். அதையும் நிறுத்தினேன். இருக்கிற ஆட்டோ ரிப்ளை போதாதா, நான் வேறு ஒன்று போட வேண்டுமா?

தைப்பூசத்துக்குச் செட்டிகுளம் போய் மூன்று நாள் தங்கினேன். திரும்பியபோது 58 மெயில்கள் காத்திருந்தன. நாற்பத்தொன்றாவது வேல்முருகனுடையது. நான் ஊரில் இல்லாத மூன்று நாளில் முதல் நாளே, காலை பத்து மணிக்கு அனுப்பியிருந்தார். 'கில்னைத் தாங்கும் ரோலரில் பேரிங் கடுமையாகச் சூடாகிவிட்டது. ஷாஃப்டில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் மேனேஜர். ஊற்றலாமா?'

கூடாது. சூடான ஷாஃப்ட், அந்த இரும்புத் தண்டு, தண்ணீர் பட்டால் விரிசல் விடும். லிஸ்டில் இருக்கும் பத்துப் பேராவது கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். ரோலர் வேலையிலேயே முப்பது வருஷம் கிடந்த மணி ஒரு வரியில் முடித்திருப்பார். அவர்கள் யாருக்கும் அந்த மெயில் போகவில்லை.

ஊற்றிவிட்டார்கள். ஷாஃப்டில் வெடிப்பு விழுந்து கில்ன் நின்றுவிட்டது. மெமோ வேல்முருகனுக்கு. ஊற்றச் சொன்ன மேனேஜருக்கு மெமோ இல்லை. அவர் மெமோ கொடுக்கும் நாற்காலியில் இருந்தார்.

வேல்முருகனிடம் போனில் முதலில் நான்தான் கத்தினேன். "ஒரு போன் பண்றதுக்கு என்னய்யா?"

"தொழில் சந்தேகம் மெயில்லதான் கேக்கணும், போன் பண்ணக் கூடாதுன்னு போட்டுருக்கீங்களே சார். ஏழாவது விதி."

அவர் தொடர்ந்தார்.

"ரெண்டு மணி நேரம் தள்ளிப்போட்டேங்க. அதுக்கு மேல மேனேஜர் வுடல. நீங்க லீவுன்னு ஒரு ஆட்டோ ரிப்ளை வந்திருந்தாகூட மணியண்ணன கேட்டிருப்பேன். ஒண்ணும் வரல. சரி, சார் யோசிச்சிட்டு இருக்காங்கன்னு உக்காந்துட்டேன்."

ஆலைக்குக் கடிதம் எழுதினேன். கேள்வி நேரத்தோடு வந்தது, தடுத்து வைத்தவன் நான் என்று. மெயில் வந்த நேரத்தையும் அச்செடுத்து இணைத்தேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது விதியை எடுத்துவிட்டேன். 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு இப்போது மெயில் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் போகிறது. காத்திருக்கும் மெயில்களை மணியும் திறந்து பார்க்கிறார்.

லிஸ்ட் நடத்தப் போகிறவர்களுக்கு நான் கற்றது இதுதான். குப்பையைத் தடுப்பது பெரிய வித்தை இல்லை, நான்கு பொத்தான்கள். தடுக்கப்பட்டவனிடம் அதைச் சொல்வதுதான் வேலை.

இப்போது ஒரு நாள் வெளியூர் போனாலும் லிஸ்டில் எழுதிவிட்டுப் போகிறேன்: 'இன்று நான் இல்லை. மணியிடம் கேளுங்கள்.' முதல் தடவை போட்டபோது, 31 பேர் 'நன்றி சார்' என்று எல்லாருக்கும் பதில் அனுப்பினார்கள்.

முப்பத்தொன்றையும் திறந்து படித்தேன்.