பொம்மைக்கு மூச்சுக் கொடுக்க டிக்கோயாவுக்குப் போன நாள்

போன மாதம் டிக்கோயா வைத்தியசாலையில் எங்களைப் போன்ற குடும்பநல மருத்துவமாதுக்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. பிறந்ததும் மூச்சு விடாத சிசுவை எப்படிக் காப்பது என்பதுதான் பாடம். வேலைக்குச் சேரும்போது படித்தது. அதன் பிறகு கைவைத்துப் பழகவே இல்லை. போக ஆசைதான். ஆனால் நான் பார்க்கும் தேயிலைத் தோட்டத்துக் கலைவாணிக்கு அந்த வாரம் பிரசவம். இரண்டாவது பிள்ளை, வலி கண்டால் சட்டென்று பிறந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து மருத்துவமாது ராணிதான், "நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க" என்று விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

மஸ்கெலியாவில் காலை ஆறரைக்கு ஹட்டன் பஸ் ஏறினேன். டிக்கோயா பதினேழு கிலோமீற்றர்தான். ஆனால் அத்தனை வளைவுகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும். நான் போகும் காரியத்தைக் கேட்ட கண்டக்டர், "இன்னும் படிச்சு முடிக்கலையா மிஸ்ஸி?" என்று சிரித்தார்.

மண்டபத்தில் மேசைக்கு ஒரு ரப்பர் குழந்தை. முகமூடியைப் பொருத்திக் காற்றுப் பையை அமுக்கினேன். நெஞ்சு எழவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அப்போதும் இல்லை. குளிரிலும் எனக்கு வியர்த்தது. எனக்கு ஜோடியாக நின்ற, வலப்பனையிலிருந்து வந்திருந்த சிங்கள மருத்துவமாது குமாரி, தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கே, தலை ரொம்ப குனிஞ்சிருக்கு. நாடி கொஞ்சம் தூக்குங்க" என்றார். பொம்மையின் மோவாயைத் தூக்கினேன். நெஞ்சு மெல்ல உயர்ந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டிக்கொண்டோம்.

மதியச் சோற்றைப் பிரிக்கும்போது ராணி அழைத்தார். "கலைவாணிக்கு வலி கண்டுருச்சு. அம்புலன்ஸ்ல ஏத்திட்டேன். நீங்க இருக்கற எடத்துக்குத்தான் வர்றாங்க!"

பயிற்சி முடிந்ததும் பிரசவ விடுதிக்கு ஓடினேன். கலைவாணியின் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை, தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"நீங்க தோட்டத்துல இல்லன்னு பயந்துட்டேன் மிஸ்ஸி. இங்க வந்து பாத்தா, எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க!"

யாரும் அமுக்காமலே அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்வெட்டரும் சோறும் கொண்டுபோங்கள். பாடம் சிங்களத்தில் நடந்தால், புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்தில் ஒரு குமாரி இருப்பார். உங்கள் கர்ப்பிணிகளைப் பக்கத்துத் தோட்டத்து மருத்துவமாதுவிடம் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாக பஸ் ஏறுங்கள். நாம் ஒருநாள் ஊரில் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் பிறக்காமல் காத்திருக்கப் போவதில்லை.